சிவப்புத் துணி கட்டிய சிலிண்டர்

என் வலது கால் சுண்டுவிரல் ஒன்பது வருடமாக ஒரே சிலிண்டரில் இடித்துக்கொண்டிருந்தது. வீட்டை ஒட்டிய பட்டறையை நான் பெருக்கும்போதெல்லாம் இடிக்கும். கதவுக்குப் பின்னால், மூலையில், கழுத்தில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு அது நிற்கும். உள்ளே பதினாறு கிலோ கேஸ். சமையல் கேஸ் இல்லை, ஏ.சி., ஃப்ரிட்ஜ், குளிர்கிடங்கு இவற்றின் குழாய்களுக்குள் ஓடுகிற கேஸ். அதுவும் கெட்டுப்போன கேஸ். அதை எந்த மெஷினுக்கும் போட முடியாது, என் வீட்டுக்காரரைக் கேட்டால் வெளியே விடவும் கூடாது. இடிக்கும்போதெல்லாம் நான் என் தம்பியைத் திட்டுவேன். சிலிண்டரை அங்கே வைத்தவர் என் வீட்டுக்காரர்தான். ஆனாலும் திட்டு தம்பிக்குத்தான் போகும், காரணம் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் ஏ.சி. மெக்கானிக். உயரம் குறைவு, பேச்சு அதைவிடக் குறைவு. யார் வீட்டில் டீ குடித்தாலும் டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுத்தான் வருவார். கல்யாணமான புதிதில் எங்கள் அம்மா வீட்டிலும் அப்படிச் செய்தார். அம்மா பதறிப்போய், "என்ன மாப்பிள்ளை, எங்களுக்கெல்லாம் கை இல்லையா?" என்று கேட்டாள். "நான் குடிச்சதுதானே அத்தை" என்றார். அவ்வளவுதான் அவர். நான் குடித்தது, நான் கழுவ வேண்டும். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே ஐம்பத்து மூன்று வருடத்தை ஓட்டிவிட்ட மனிதர்.

என் தம்பி நேர் எதிர். வாயாலேயே பந்தல் போடுவான். இருபத்தைந்து வயது வரை வேலை வெட்டி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை, "உங்ககூடச் சேர்த்துக்குங்க, பாவம்" என்று கெஞ்சி இவரிடம் தொழில் கற்றுக்கொள்ள விட்டவள் நான்தான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். தொழில் பிடிபட்டதும் இருவரும் கடைத்தெருவில் ஒரு பட்டறை போட்டார்கள். சில வருடங்கள் நன்றாகவே ஓடியது.

பிறகு மெக்கானிக்குகளுக்கென்று ஒரு வகுப்பு வைத்தார்கள். மூன்று நாள். சாப்பாடு இலவசம், தோள்பை இலவசம். இருவரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள். பாடம் எடுத்தது ஒரு பொறியாளர் அம்மா. இந்தப் பழைய கேஸ் மேலே போனால் வானத்தின் ஓசோன் படலத்தை அரிக்கும், பூமியையும் சூடாக்கும், ஒரு கிலோவை வெளியே விடுவது ஒரு கார் சுமார் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடி விடுகிற புகைக்குச் சமம் என்று அந்த அம்மா படம் போட்டுக் காட்டினாராம். அதுவரை மெக்கானிக்குகள் செய்துவந்தது என்ன? மெஷினில் ஓட்டை அடைக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு நட்டைத் தளர்த்தி உள்ளேயிருக்கும் கேஸைப் புஸ்ஸென்று காற்றில் விட்டுவிடுவார்கள். இரண்டு நிமிட வேலை. யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை.

என் தம்பி வகுப்பு முடிந்து தோள்பையோடு சிரித்துக்கொண்டே வந்தான். அந்த அம்மா பேசுகிற மாதிரி பேசிக் காட்டினான், எங்களுக்கும் சிரிப்பு வந்தது. இவர் மட்டும் கை கழுவும் இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"இருபது வருஷமா எவ்வளவு விட்டிருப்பேன்னு யோசிச்சுப் பார்த்தேன்" என்றார். பிறகு, "தெரியாம செஞ்சது போகட்டும். இனிமே கை வராது" என்றார்.

கை வரவில்லைதான். கேஸை உறிஞ்சிச் சிலிண்டரில் பிடிக்கிற மெஷின் ஒன்று பழசாகக் கிடைத்தது. அதை வாங்கிவந்தார். அதை மாட்டினால் இரண்டு நிமிட வேலை முக்கால் மணி நேரமாகும். மொட்டைமாடி வெயிலில் ஒரு குடையை விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கேஸ் கடைசிப் பொட்டு வரை சிலிண்டருக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாடிக்கையாளர்கள் மேலே வந்து எட்டிப் பார்த்து, "இன்னும் முடியலையாப்பா?" என்று சலித்துக்கொள்வார்கள். என் தம்பி ஒரு நாளைக்குப் பத்து வேலை முடித்தால் இவர் நான்கு முடிப்பார். தெருவில் இவருக்குக் 'காத்துப்பிடி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வைத்தவன் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"மாமா, வானம் என்ன உங்க அப்பா கட்டின வீடா?" என்பான் தம்பி.

"அதுக்குக் கீழதானே மாப்ள எல்லாரும் இருக்கோம்."

"வெயில் ஏற ஏற நமக்குத்தான் வேலை. நம்ம பொழப்புல நீங்களே மண்ணைப் போடறீங்க" என்று சொல்லி நான்கு பேர் சிரிக்கும்படி பார்த்துக்கொள்வான். இவர் அழுத்தம் காட்டும் கேஜில் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு வானத்தைப் பற்றிப் பெரிய அக்கறை கிடையாது. வருடா வருடம் வெயில் கூடுகிறது என்பது என் முதுகுக்கும் தெரியும், ஆனால் அதற்காக நான் குடை பிடித்துக்கொண்டு மொட்டைமாடியில் உட்கார மாட்டேன். எனக்கு முக்கியம் மானம். என் வீட்டுக்காரரைப் பார்த்து நாலு பேர் சிரித்தால் எனக்கு வயிறு எரியும். சிரிக்க வைத்தவன் என் கூடப் பிறந்தவன் என்றால் இரண்டு பங்கு எரியும்.

கடைசியில் தம்பி பட்டறையைப் பிரிக்கலாம் என்றான். "உங்ககூட இருந்தா நானும் வானத்தைப் பார்த்துட்டு உட்கார வேண்டியதுதான்" என்றான். கடைத்தெருப் பட்டறை அவனுக்கு, வாடிக்கையில் பெரும்பாதி அவனுக்கு. இவருக்கு அந்த உறிஞ்சும் மெஷினும், பிடித்து வைத்திருந்த கேஸ் சிலிண்டர்களும். "அது போதும்" என்றார் இவர். அதிலும் என் தம்பிக்குக் கோபம். சண்டை போட வந்தவனிடம் சண்டைக்கே வராத ஆள் இருந்தால் கோபம் இன்னும் ஏறும் போல. இவர் தள்ளுவண்டி கூப்பிடப் போன நேரத்தில், அன்று காலையில்தான் ஒரு ஜவுளிக்கடையில் பிடித்து வந்து இன்னும் எடைகூடப் போடாமல் வைத்திருந்த சிலிண்டரில், வேறு வகைக் கேஸ் ஒன்றைக் குழாய் மாட்டிக் கலந்துவிட்டான். இரண்டு வகைக் கேஸ் கலந்தால் கலந்ததுதான். பாலில் விழுந்த மோரைத் திரும்ப எடுக்க முடியாத மாதிரி, இங்கே யாராலும் அதைப் பிரிக்க முடியாது.

இதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. தனியாக வந்த பிறகு இவருக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, ஒரு ஐஸ்கிரீம் கடை. அந்தச் சிலிண்டரிலிருந்துதான் கேஸ் போட்டார். மூன்று நாள் ஓடிய மெஷின் நான்காம் நாள் கடகடவென்று சத்தம் போட்டுச் செத்தது. கடை முழுக்க ஐஸ்கிரீம் உருகி வாசல் வரை வழிந்தது. கடைக்கார அம்மா இவரை நடுத்தெருவில் நிறுத்தி வாய்க்கு வந்தபடி பேசினார். இவர் தன் ஸ்கூட்டரை விற்றுப் புது கம்ப்ரஸர் வாங்கி மாட்டிக் கொடுத்தார். சிலிண்டரைச் சோதித்தபோதுதான் உள்ளே இருப்பது கலப்படம் என்று தெரிந்தது, எப்படிக் கலந்தது என்று தெரியவில்லை. செத்த மெஷினுக்குள் இருந்த கலப்புக் கேஸையும் உட்கார்ந்து, ஒரு பொட்டு விடாமல், அதே சிலிண்டருக்குள் திரும்பப் பிடித்தார். என் பழைய தலையணை உறையைக் கிழித்துச் சிவப்புத் துணியாகக் கட்டினார், தவறிப்போய்க்கூட யாரும் எடுத்துவிடக் கூடாதென்று.

"இதை ஏங்க வெச்சிருக்கீங்க? திறந்து விட்டுத் தொலைங்களேன்" என்றேன்.

"இங்க இருக்கற வரைக்கும் அது மேல போகலை இல்ல?" என்றார்.

இப்படிக் கெட்டுப்போன கேஸை எரித்து அழிக்கிற உலை ஒன்று தலைநகரத்தில் இருக்கிறதாம். அவர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒரு லாரி அளவுக்குச் சேரட்டும், ஆள் அனுப்புகிறோம் என்று பதில் வந்தது. இவர் அந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டாத குறை. வருடத்துக்கு ஒரு முறை அந்தச் சிலிண்டரைத் தராசில் ஏற்றி, எடை குறையவில்லை என்று பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வார். பிள்ளை எடை கூடினால்கூட மனிதர் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

என் தம்பி இதற்கிடையில் கடை கடையாகப் போய், "பழைய கேஸைப் பிடிச்சு உள்ள விட்டா இப்படித்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டு வந்தான். இருந்த வாடிக்கையும் போனது. இரண்டு வருடம் இவர் சைக்கிளில் கருவிகளைக் கட்டிக்கொண்டு போய் வேலை பார்த்தார்.

இரண்டு வருடம் கழித்து எங்கள் அம்மா வீட்டில் எல்லோரும் கூடிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பேச்சு வாக்கில் தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான்.

"அன்னிக்கு இருந்த கோபத்துல ஒரு ஹோஸை மாட்டி ரெண்டு நிமிஷம் திறந்துவிட்டேன். அவ்வளவுதான். மாமாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது போல."

எல்லோரும் சிரித்தார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது என்னவென்றே தெரியாது, இருந்தும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் பின்கட்டில் தன் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். "நீயா மாப்ள?" என்றார். பிறகு தட்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் கழுவினார். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்தவள், அதற்குப் பிறகு ஏழு வருடம் என் தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசவில்லையே தவிர, அவனை நினைக்காத நாள் கிடையாது. அவன் கடை வழியாகப் பஸ் போனால் தலையைத் திருப்பிக்கொள்வேன், ஆனால் ஓரக்கண்ணால் பெயர்ப்பலகை இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு முறை அவன் வண்டி பஞ்சராகி நடுவழியில் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அன்று முழுக்க எனக்கு வேலை தூசு மாதிரி இருந்தது. இவரிடம் சொன்னால், "விடு" என்பார். எதை விடுவது? விடுவதற்கு மனசு என்ன நட்டா, தளர்த்திவிட? ஒவ்வொரு முறை சுண்டுவிரல் இடிக்கும்போதும் நான் கறுவிக்கொண்டேன். ஒரு நாள் வரும்டா என்று சொல்லிக்கொண்டேன்.

வந்தது. உலகத்திலுள்ள அரசாங்கங்கள் எல்லாம் சேர்ந்து அந்தப் பழைய கேஸை நிறுத்திவிடுவது என்று முன்பே பேசி வைத்திருந்தன. வருடா வருடம் குறைந்து, கடைசியில் சந்தையில் கிடைக்கவே இல்லை. புது மெஷின்களுக்குப் புது கேஸ். ஆனால் ஊரில் பாதி மெஷின் பழசு. திடீரென்று எங்கள் பட்டறை வாசலில் ஆட்கள் நிற்க ஆரம்பித்தார்கள். காத்துப்பிடி என்று சிரித்த அதே வாய்கள் "அண்ணே, ரெண்டு கிலோ கிடைக்குமா?" என்று கேட்டன. இவரிடம் சுத்தம் செய்த நல்ல கேஸ் ஐந்து சிலிண்டர் இருந்தது. ஒவ்வொன்றிலும் எங்கே பிடித்தது, எத்தனை கிலோ என்று சாக்பீஸால் எழுதியிருப்பார். கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் சோதிப்பார். சிலிண்டர் உடம்பின் சூட்டை அளந்து, கேஜின் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, இரண்டையும் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். ஒத்துப்போனால் நல்ல கேஸ். ஒத்துப்போகாவிட்டால் கலப்படம். ஐந்து நிமிட வேலை. ஐஸ்கிரீம் கடைக்குப் பிறகு இவர் அதை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. என் தம்பி வாழ்நாளில் ஒரு நாளும் செய்ததில்லை.

ஊருக்கு வெளியே ஒரு பழக்கிடங்கு இருக்கிறது. அறை முழுக்க ஆப்பிள் பெட்டிகள். அந்தக் கிடங்கின் குளிர்மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தம் என் தம்பியிடம் இருந்தது. அவனுடைய பிழைப்பே அதுதான், மற்றதெல்லாம் சில்லறை வேலை. அந்த மெஷினில் ஓட்டை விழுந்து இருந்த கேஸெல்லாம் போய்விட்டதாகவும், ஓட்டையை அடைத்துவிட்டுக் கேஸ் கிடைக்காமல் அவன் அலைவதாகவும், கிடங்கு முதலாளி இரண்டு நாள் கெடு கொடுத்திருப்பதாகவும் செய்தி வந்தது. நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். மனசு குளிர்ந்தது.

சாப்பிடும்போது இவர் சொன்னார். "உன் தம்பி வந்து கேட்டா குடுத்துடலாம். பழமெல்லாம் அழுகிடும்."

"ஐஸ்கிரீம் உருகினப்போ அவன் யோசிச்சானா?"

"அது வேற."

"என்ன வேற?"

"அவன் செஞ்சது அவனோடது" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. ஒருவர் தன் மானத்தை இப்படித் தெருவில் போட்டுவிட்டுப் போவார், அதை நான்தான் பொறுக்கி எடுத்துக்கொண்டு பின்னாலேயே போக வேண்டும்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு இவர் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போனார். கால் மணி நேரத்தில் வேன் சத்தம் கேட்டது. என் தம்பி வாசலில் நின்றான். ஏழு வருடத்தில் முன்மண்டை காலியாகியிருந்தது.

"அக்கா."

"என்னடா?"

"மாமா இல்லாத நேரமா பார்த்துதான் வந்தேன். அவர் முகத்தைப் பார்த்துக் கேக்க முடியலை." கண்ணைக் கசக்கிக்கொண்டான். "பதினாறு கிலோ இருந்தா போதும். என் பொழப்பே அதுலதான் இருக்கு."

பதினாறு கிலோ. அவன் வாயாலேயே அந்த எண்ணைச் சொன்னான். நான் கேட்காமலேயே சொன்னான். எனக்குச் சுண்டுவிரலிலிருந்து ஒரு சூடு கிளம்பித் தலைக்கு ஏறியது.

"இரு, எடுத்து வைக்கிறேன்" என்று சொல்லிப் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சிவப்புத் துணியை அவிழ்த்தேன். ஒன்பது வருட முடிச்சு, பல்லால் இழுக்க வேண்டியிருந்தது. தூசியைத் துடைத்தேன். சாக்பீஸை எடுத்து, 'ஜவுளிக்கடை, 16 கிலோ' என்று இவர் எழுதுகிற மாதிரியே எழுதினேன். முப்பது வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்தக் கையெழுத்து வராதா? சிவப்புத் துணியை ஒரு காலிச் சிலிண்டரின் கழுத்தில் கட்டி அதே மூலையில் நிறுத்தினேன். எண்ணிக்கையில் ஒன்று குறைய வேண்டுமே என்று, நல்ல சிலிண்டர்களில் ஒன்றை உருட்டிக்கொண்டு போய்க் கட்டிலுக்குக் கீழே தள்ளிப் போர்வையைத் தொங்கவிட்டேன். இவ்வளவையும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தேன்.

"வாடா, வந்து தூக்கு."

தூக்கினான். வாசல்படியில் நின்று, "நல்ல கேஸ்தானே அக்கா?" என்றான்.

"உங்க மாமா பிடிச்சது. சந்தேகமா இருந்தா கேஜை மாட்டிப் பாரு."

"அதுக்கெல்லாம் எங்க நேரம்" என்று வேனில் ஏற்றினான். இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. சொல்லிவிட்டேன், நான் வஞ்சகமாக ஏமாற்றவில்லை, பார் என்று சொன்னேன், அவன் பார்க்கவில்லை. இவரிடமே தொழில் கற்றவன்தானே, ஐந்து நிமிடம் நின்று பார்த்திருந்தால் தப்பித்திருப்பான்.

"இதை நான் மறக்க மாட்டேன் அக்கா."

"மறக்க மாட்டேன்னு எனக்கும் தெரியும்டா" என்றேன்.

அன்று மதியம் சாப்பாடு அப்படி ருசித்தது. இவர் வந்ததும், "தம்பி வந்தான், ஒண்ணு குடுத்தேன்" என்றேன். இவர் அலமாரியில் நான்கு சிலிண்டர் இருப்பதைப் பார்த்தார். மூலையில் சிவப்புத் துணி இருப்பதையும் பார்த்திருப்பார். "நல்லது செஞ்சே" என்று சொல்லி என் தோளைத் தொட்டார். அந்த மனிதர் பகலில் என் தோளைத் தொட்டு எத்தனை வருடமாகிறது. எனக்கு உள்ளே ஏதோ ஒன்று முள்ளாகக் குத்தியது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து அதை இறக்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை இவர் பட்டறை வாசலில் ஒரு மேசை விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வேன் வந்து சர்ரென்று நின்றது. தம்பி பின்கதவைத் திறந்து சிலிண்டரை எடுத்துத் தரையில் எறிந்தான். அது கணீரென்று சத்தம் போட்டு உருண்டது. நிறைந்த சிலிண்டர் அப்படிச் சத்தம் போடாது. எனக்கே தெரியும்.

"கம்ப்ரஸர் போச்சு" என்றான். "ஒப்பந்தமும் போச்சு. நேத்து சாயங்காலம் முதலாளி வேற ஆளைக் கூட்டிட்டு வந்துட்டார். திருப்தியா அக்கா?"

திருப்திதான். இந்த வார்த்தைகளைக் கேட்கத்தானே ஏழு வருடம் காத்திருந்தேன்.

"நான் கலந்த சிலிண்டரையே எனக்குக் குடுத்திருக்கே. கம்ப்ரஸர் கடகடன்னு போட்ட சத்தம் கேட்டப்புறம்தான் எனக்கு உறைச்சுது."

"உன்னோடதை உனக்குத் திருப்பிக் குடுத்தேன்" என்றேன். இதையும் பல முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். சொல்லும்போது நினைத்ததைவிட நன்றாகவே வந்தது.

அவன் என்னைப் பார்க்கவில்லை. இவர் பக்கம் திரும்பினான். "மாமா, உங்க பதினாறு கிலோல ஒரு பொட்டு மிச்சம் வைக்கலை. மெஷின்ல இருந்தது, சிலிண்டர்ல இருந்தது, எல்லாத்தையும் வானத்துக்கு விட்டுட்டேன். விட்டுட்டுப் போகலை, பக்கத்துலயே நின்னு கடைசி வரைக்கும் பார்த்தேன். யாருக்கு வலிக்கும்னு எனக்கும் தெரியும் அக்கா."

நான் கையிலிருந்த ஈரத்துணியைக் கொடியில் போடாமல் நின்றேன். என் கணக்கில் இது இல்லை. கம்ப்ரஸர் சாவது வரைதான் நான் யோசித்திருந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கேஸ் எங்கே போகும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். தினமும் அதைத் தவிர வேறு எதையும் யோசிக்காத ஒரு மனிதரோடு முப்பது வருடம் வாழ்ந்துவிட்டு, எனக்கு அது தோன்றவே இல்லை.

இவர் எழுந்தார். சிலிண்டரை ஒற்றைக் கையால் தூக்கினார். சாக்பீஸ் எழுத்தைப் படித்தார். தன் கையெழுத்து மாதிரியே இருந்த, தான் எழுதாத எழுத்து. பிறகு பட்டறைக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் இருந்ததை விரலால் தட்டிப் பார்த்தார். அதுவும் கணீரென்றது. திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மாப்ள, மெஷினைக் கழட்டிட்டியா?"

தம்பிக்குப் புரியவில்லை. "இன்னும் இல்லை. ஏன்?"

"எண்ணெய்ல கொஞ்சம் கேஸ் ஊறியிருக்கும். பைப்புலயும் நிக்கும். யாரையும் எதையும் திறக்க வேண்டாம்னு சொல்லு."

உறிஞ்சும் மெஷினை எடுத்து வேனில் வைத்தார். தம்பி எறிந்த காலிச் சிலிண்டரை வைத்தார். தராசை வைத்தார். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "வா" என்றார். அடிப்பார், பேசுவார், இல்லை அழுவார் என்று பார்த்து அந்தச் செய்தியைக் கொண்டுவந்த என் தம்பி, திறந்து கிடந்த பின்கதவைச் சாத்திவிட்டு வந்தான். பிறகு வண்டியை எடுத்தான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கொடியில் இருந்த துணியை எல்லாம் இழுத்து மறுபடி வாளியில் போட்டு மறுபடி அலசினேன்.

சாயங்காலம் நடந்து வந்தார். தம்பி கொண்டுவந்து விடுகிறேன் என்றும் இவர் வேண்டாம் என்றும் சொன்னதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். மெஷின் ஒரு தோளில், சிலிண்டர் ஒரு கையில், தராசு மறுகையில். சட்டை முழுக்கக் கறுப்பு எண்ணெய். பட்டறையில் தராசை வைத்துச் சிலிண்டரை ஏற்றினார்.

"நானூறு கிராம்" என்றார்.

"திட்டுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"நான்தான் அவிழ்த்தேன். நான்தான் எழுதினேன்."

"தெரியும்."

"அவனுக்காக நான் வருத்தப்படலை. இன்னொரு தடவை வந்தாலும் அவனுக்கு நல்லது செய்ய மாட்டேன்."

"அதுவும் தெரியும்." ஸ்டூலில் உட்கார்ந்து கைகளைத் துடைத்துக்கொண்டார். வெகு நேரம் துடைத்தார். "வகுப்புக்கு முன்னாடி விட்டதெல்லாம் தெரியாம விட்டது. அதை நான் சமாதானப்படுத்திக்கிட்டேன். இது என் வீட்டுல இருந்து போயிருக்கு."

அவர் என்னை ஓங்கி ஓர் அறை அறைந்திருந்தால் நான் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். என் தம்பியைப் பழிவாங்க நான் எடுத்த பொருள் இவருடையது. அவனுக்குப் போனது ஒரு கம்ப்ரஸரும் ஒரு ஒப்பந்தமும். அவன் வாய்க்கு ஆறு மாதத்தில் இன்னொரு கிடங்கைப் பிடித்துவிடுவான். இவருக்குப் போனதை எங்கே போய்ப் பிடிப்பது?

நான் போய் அந்தக் காலிச் சிலிண்டரின் கழுத்திலிருந்து சிவப்புத் துணியை அவிழ்த்துக் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கி, நானூறு கிராம் சிலிண்டருக்குக் கட்டினார். சாக்பீஸ் எழுத்தைத் துணி நுனியால் அழித்தார். கதவுக்குப் பின்னால், பழைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு உள்ளே வந்து டீ குடித்தார். டம்ளரைக் கழுவி வைத்தார்.

என் தம்பியிடம் நான் இன்னும் பேசுவதில்லை. அவன் கம்ப்ரஸர் செத்ததற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை, சத்தியமாக இல்லை. ஆனால் பட்டறையைப் பெருக்கும்போது இப்போது சுண்டுவிரல் இடிப்பதில்லை. துடைப்பம் பட்டாலே அந்தச் சிலிண்டர் நகர்ந்துவிடுகிறது. நான் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, அதைப் பழைய இடத்திலேயே திருப்பி வைக்கிறேன்.